தேவையான அளவு பலம்

இரும்புக் கிராதியின் மேல் மூங்கில் கழியை உரசிக்கொண்டே ஒருவன் நடந்து போகிற சத்தம். டக டக டக டக என்று, அவசரமே இல்லாமல், கையில் கிடைத்த குச்சியைச் சுவரில் இழுத்துக்கொண்டு பள்ளிக்கூடம் போகிற பிள்ளை மாதிரி. மொழிப் போராட்டம் நடந்த வருஷம் அது. கல்லூரி விடுதியின் கூடத்தில் நாங்கள் பெண்கள் தரையோடு தரையாக உட்கார்ந்திருக்க, வெளியே வெயிலில் அந்தப் போலீஸ்காரன் ஜன்னல் ஜன்னலாகப் போய்க்கொண்டிருந்தான். யாரையும் அடிக்கவில்லை. மறுநாள் வார்டனம்மா கேட்டார்கள், “உங்க மேல ஒரு விரல் பட்டுதா? பிறகு என்னடி அழுகை?” படவில்லைதான். ஆனால் அடி என்பது உடம்பில் விழுவதற்கு முன்பே காதில் விழுந்துவிடுகிறது என்று எனக்கு அன்றைக்குத் தெரிந்துபோயிற்று, அதை யாரிடம் போய் முறையிடுவது என்றுதான் தெரியவில்லை. இப்போது எதற்கு அந்த ஞாபகம். இந்தக் கோட்டாட்சியர் அலுவலக வராந்தாவுக்கும் அதே மாதிரிக் கிராதி, அதே பச்சை வர்ணம், அதனால் இருக்கும். பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறேன். உள்ளே விசாரணை நடக்கிறது. கதிரேசன் முழங்காலில் விழுந்த அடி தேவைதானா, தேவை என்றால் அந்த அளவு தேவையா என்று விசாரிக்கிறார்கள். கதிரேசன் என் சிநேகிதி சௌந்தரத்தின் மகன். சௌந்தரத்துக்குக் கொள்ளி வைத்த அன்றைக்கு, மயானத்துக்குள்ளேயே அவனைக் கைதுசெய்தார்கள். நான் பார்த்தேன். என்னைக் கூப்பிடுவார்கள், நான் போய்ச் சொல்ல வேண்டும். அவ்வளவுதான் வேலை.

சட்டம் எனக்குத் தெரியாததில்லை. ஆயுளில் பாதியைப் பெண்கள் கல்லூரியில் அரசியல் அறிவியல் நடத்திக் கழித்தவள். நேற்றுகூடப் பழைய புத்தகத்தை எடுத்துப் பார்த்தேன். இப்போது சட்டத்துக்குப் பெயர் மாறிவிட்டது, பிரிவுக்கு எண் மாறிவிட்டது, வாசகம் மாறவில்லை. கைது என்றால் தொடுவது. சொல்லாலோ செயலாலோ ஒருவன் கட்டுப்பட்டுவிட்டால் தொடக்கூட வேண்டாம். எதிர்த்தால், தப்பி ஓடப் பார்த்தால், தேவையான எல்லா வழிகளையும் கையாளலாம். தப்பாமல் தடுக்க எவ்வளவு வேண்டுமோ அதற்கு மேல் கட்டுப்படுத்தக் கூடாது. வகுப்பில் இதைப் படித்துக் காட்டிவிட்டு, எவ்வளவு அழகான வாக்கியம் பாருங்கள் என்று நானே சொல்லியிருக்கிறேன். சொல்லாலோ செயலாலோ. வெண்கலத்தில் தட்டினாற்போல இருக்கும். ஆனால் தேவை என்று ஒரு சொல்லை நடுவில் வைத்தார்களே, அதை அளக்கிற படியை யார் கையில் கொடுத்தார்கள்? அடித்தவன் கையிலேயே கொடுத்தார்கள். அரிசி அளக்கிறவன் படிக்குள் கட்டைவிரலை விட்டுக்கொண்டு அளப்பானே, அந்தக் கட்டைவிரல்தான் தேவை. கதிரேசன் செய்த குற்றம்தான் என்ன? கோடையில் எங்கள் தெருக்களுக்குத் தண்ணீர் வரவில்லை என்று குடங்களோடு சாலையில் உட்கார்ந்தோம். உட்கார்ந்தது முக்கால்வாசியும் பெண்கள், வழக்கில் பேர் ஏறியது ஆண்களுக்கு. வாய்தாவுக்கு வாய்தா லேத் பட்டறையில் லீவு சொல்லிவிட்டு ஒழுங்காகப் போய்க் கைகட்டி நின்றுகொண்டுதான் இருந்தான். சௌந்தரம் ஆஸ்பத்திரியில் படுத்த பிறகு போகவில்லை. அம்மாவுக்கு மூத்திரப் பை மாற்றிக்கொண்டிருந்த மகனுக்கு நீதிமன்றத்தில் வாரண்டு போட்டார்கள். போட்டது அவனுக்கும் தெரியும். அம்மாவை அனுப்பிவிட்டுப் போய் நிற்கிறேன் என்று வக்கீலிடம் சொல்லியிருந்தான். அனுப்பிவிட்டு என்றுதான் சொன்னான் பாவி, வீட்டுக்கு என்று நினைத்துக்கொண்டு.

சௌந்தரம் தபால் ஆபீசில் கவுண்டருக்குப் பின்னால் உட்கார்ந்து காலம் தள்ளியவள். ஸ்டாம்பு கிழிக்கிற விரலால் என் கன்னத்தைத் தட்டி, “ஏய் புரபசர், நான் செத்தா நீ சுடுகாட்டுக்கு வரணும்டி. தெருமுனையில தண்ணியை ஊத்திட்டு வீட்டுக்குப் போயி சாம்பார் வைக்காதே” என்பாள். நான், “நீ எனக்கு வருவியா?” என்பேன். “நான் எதுக்கு வரணும், நீதான் எனக்குப் பின்னாடி சாகப் போறே” என்பாள். அப்படித்தான் ஆயிற்று. பாடை தெருமுனை தாண்டியதும் பெண்கள் நின்றார்கள். என் கால் நிற்கவில்லை. யாரும் தடுக்கவும் இல்லை. கிழவி, சொந்தக்காரியும் இல்லை, எங்கேயோ போகிறாள் என்று விட்டுவிட்டார்கள். உள்ளே போகவில்லை, வாசலில் வேலிக்கம்பத்தைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அங்கிருந்து எல்லாம் நேர் எதிரே தெரிந்தது. குடத்தைத் தோளில் வைத்துக்கொண்டு கதிரேசன் சுற்றி வந்தான், ஒவ்வொரு சுற்றுக்கும் ஒரு கொத்து, ஒரு துளை, ஒரு வீச்சுத் தண்ணீர். மழித்த தலை வெயிலில் பளபளவென்று இருந்தது, பிறந்த அன்றைக்கு ஆஸ்பத்திரியில் பார்த்த அதே தலை. முதுகைக் காட்டிக்கொண்டு நின்று, கையைப் பின்னால் நீட்டிக் கொள்ளி வைத்தான். வெட்டியான் சொன்னான், “போங்கய்யா. திரும்பிப் பாக்காமப் போயிக்கிட்டே இருங்க. யாரும் திரும்பக் கூடாது.” ஆண்கள் எல்லாரும் முன்னால் நடந்தார்கள், வாசலைத் தாண்டி, என்னைத் தாண்டி, வாய்க்காலில் குளிக்கப் போனார்கள். கடைசியில் கதிரேசன். அவனுக்கும் பின்னால், தகனக் கொட்டகையின் அந்தப்பக்கம் வேப்பமரத்தடியில் போலீஸ். கொள்ளி முடியட்டும் என்று மனிதாபிமானத்தோடு ஒதுங்கி நின்றார்களாம், அப்படித்தான் எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். மனிதாபிமானம். அந்தச் சொல்லை நாக்கில் போட்டால் பாகற்காய் விதையைக் கடித்த மாதிரி இருக்கிறது. “டேய் கதிரேசா, நில்லுடா” என்று சப்-இன்ஸ்பெக்டர் பின்னாலிருந்து கத்தினான். கதிரேசன் நிற்கவில்லை, திரும்பவில்லை, ஓடவும் இல்லை. ஈர வேட்டி காலைத் தடுக்க அவன் நடந்த நடையை ஓட்டம் என்று சொல்கிறவன் கண் இருந்தும் குருடன். வலது கையை மட்டும் தோளுக்கு மேலே தூக்கினான். விரல்கள் ஐந்தும் விரிந்திருந்தன, பஸ்ஸை நிறுத்தச் சொல்கிறாற்போல, இருங்கள் என்கிறாற்போல. வாய் திறந்து சொல்லவும் செய்தான். “வர்றேன் சார். குளிச்சுட்டு வந்துடுறேன் சார்.” ஆனால் முகம் என் பக்கம் இருந்தது. பின்னால் திரும்பிச் சொல்ல முடியாத சொல் அது. அழுது அழுது கம்மிப் போன குரல், அது முன்னால் வந்தது, வாசலில் நின்ற என் காதில் விழுந்து முடிந்துபோயிற்று. சொல்லால் ஒன்று, செயலால் ஒன்று. சட்டம் ஏதாவது ஒன்று போதும் என்கிறது, அவன் இரண்டும் கொடுத்தான். பிறகு பூட்ஸ் சத்தம். பிறகு முழங்காலின் பின்பக்கத்தில் அந்த லத்தி. விழுந்த பிறகு இன்னொன்று, இன்னொன்று. மண்ணில் கன்னம் பதிந்து கிடக்கிறான், அப்போதும் தலையைத் திருப்பவில்லை. கண் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தது. முன்னால் போன அத்தனை ஆண்களுக்கும் அலறல் கேட்டது. அத்தனை பேரும் திரும்பிப் பார்க்காமல் போய்க்கொண்டிருந்தார்கள். ஒருத்தன்கூட. நான்தான் பார்த்தேன். பார்த்துக்கொண்டு கம்பத்தைப் பிடித்துக்கொண்டு நின்றேன், வாயில் காற்றுத்தான் வந்தது.

இப்போது அவன் அரசாங்க ஆஸ்பத்திரியில், நல்ல காலைக் கட்டிலோடு சேர்த்து விலங்கு மாட்டி வைத்திருக்கிறார்கள். முறிந்த கால் எங்கே ஓடிவிடும் என்று தெரிந்த புத்திசாலிகள். மறியல் வழக்கோடு இன்னொரு வழக்கும் சேர்த்தாயிற்று, அரசு ஊழியரைத் தாக்க முயன்றான் என்று. தூக்கிய கை ஓங்கிய கை ஆகிவிட்டது. “கோட்டாட்சியர் அறிக்கை நம்ம பக்கம் வந்துட்டா அந்தக் கேஸ் நிக்காதும்மா. வரலைன்னா பையன் உள்ளேதான்” என்றார் வக்கீல். “உங்களைத்தான் நம்பியிருக்கோம். எதிரே நின்னு பார்த்தது நீங்க ஒருத்தர்தான்.” ஒருத்தி. சுடுகாட்டு வாசலில் நின்ற ஒருத்தி. எத்தனை உயரம் தூக்கினான்? தோளுக்கு மேல் என்று சொல்ல வேண்டுமா, காதளவு என்று சொல்ல வேண்டுமா? தலைக்கு மேல் என்று வாய் தவறிவிடக் கூடாது. விரல் விரிந்திருந்தது, விரித்த கையால் யாரையும் குத்த முடியாது. குத்த முடியாது என்று சொல்லலாமா, அது சாட்சி சொல்வதாகாது, வாதாடுவதாகும் என்பார்களோ. பார்த்ததை மட்டும் சொல்லுங்கள் என்பார்கள். பார்த்ததை மட்டும் சொல்வது எத்தனை கஷ்டம்.

கதவைத் திறந்துகொண்டு உலகநாதன் வெளியே வருகிறான், சௌந்தரத்தின் தம்பி, கதிரேசனுக்குத் தாய்மாமன். துண்டால் கழுத்தைத் துடைத்துக்கொள்கிறான். “என்னப்பா கேட்டாங்க?” “நீ என்ன பாத்தேன்னு கேட்டாக. நான் எதையும் பாக்கலைம்மா, நாங்க யாருமே திரும்பலைன்னு சொன்னேன். பொய் சொல்லலைக்கா.” “சரி.” “பொம்பளையாளுக யாராச்சும் இருந்தாகளான்னு கேட்டாக.” என் பக்கம் பார்க்காமல் துண்டின் நுனியை முறுக்குகிறான். “எங்க பக்கம் பொம்பளைக சுடுகாட்டு வாசலை மிதிக்க மாட்டாகன்னு சொல்லிட்டேன்.” எனக்கு முதலில் விளங்கவில்லை. “நான் நின்னது உனக்குத் தெரியாதா உலகநாதா? என்னைத் தாண்டித்தானே போனே? உன் துண்டு என் மேல பட்டுது.” “தெரியும்க்கா.” “பிறகு?” “பிறகென்னக்கா, ஊருல என்ன பேசுறாகன்னு உங்களுக்குத் தெரியாது. பொம்பளை வந்து வாசல்ல நின்னா, அதான் பய காலு போச்சுங்கிறாக. நாங்கதான் கூட்டிட்டுப் போனோம்னு ஆயிரும்ல? நாளைக்கு எம்மகளுக்கு ஒரு நல்லது பாக்கணும்.” “எழுதிக்கிட்டாங்களா?” “எழுதிக்கிட்டாக.” “கையெழுத்துப் போட்டியா?” “மொதப் பேனா எழுதலைக்கா. வேற பேனா குடுத்தாக.” எவ்வளவு பொறுப்பாகச் சொல்கிறான், முதல் பேனா எழுதவில்லை என்று. அந்தப் பேனாவுக்கு இருந்த மானம் இவனுக்கு இல்லை. அக்கா மகனை உள்ளே தள்ளிக் கதவைச் சாத்தி, சாவியையும் கொடுத்துவிட்டு வந்திருக்கிறான், கெட்டவனாகவும் இல்லை. ராத்திரி பகலாக ஆஸ்பத்திரியில் கதிரேசனுக்குக் கஞ்சி கொண்டுபோய்க் கொடுப்பவன் இவன்தான். “உள்ளே போயி மாத்திச் சொல்லுப்பா.” “சொன்னதை எப்படிக்கா மாத்துறது? பொய் சொன்னேன்னு என்னையில்ல பிடிப்பாக?” போய்விட்டான். செருப்பு அடிக்கிற சத்தம் படி இறங்கிப் போகிறது. இவன் மேல் கோபப்படுவதா, ஊர் மேலா, வாசலில் நின்ற என் கால்கள் மேலா. இல்லை, என் கால்கள் மேல் எனக்குக் கோபம் கிடையாது. அந்தக் கோபத்தை வரவிட்டுவிடாதே என்று எனக்கு நானே சொல்லிக்கொள்கிறேன். லத்தி தூக்கியவனை விட்டுவிட்டு வாசலில் நின்றவளை விசாரிக்கிற பழக்கம் ஊருக்கு இருக்கலாம், எனக்கு வேண்டாம்.

“அம்மா, இந்தப் பக்கம் உக்காருங்க. அங்கே வெயில் ஏறுது.” பெஞ்சின் மறுகோடியிலிருந்து தவமணி. ஏட்டு. லத்தி இவன் கையில்தான் இருந்தது. இன்றைக்கு யூனிபாரம் இல்லை, கட்டம் போட்ட சட்டை, நெற்றியில் திருநீறு. எழுந்து இடம் கொடுக்கிறான், அந்த மரியாதையில் எனக்கு உடம்பெல்லாம் எரிகிறது. “வேண்டாம்ப்பா.” “டீ சொல்லட்டுமாம்மா?” “வேண்டாம்.” என்னால் வாயைக் கட்ட முடியவில்லை. “உங்க அப்பா இருக்காராப்பா?” “போயிட்டாரும்மா. போன தையில.” “கொள்ளி வச்சது யாரு?” “நான்தான் மூத்தவன்.” சொல்லிவிட்டு அவனுக்கே எங்கே வந்து நிற்கிறோம் என்று தெரிந்துவிட்டது. தரையைப் பார்க்கிறான். “நீ திரும்பிப் பாத்தியா?” “யாரும்மா பாப்பாங்க.” “யாராச்சும் பேர் சொல்லிக் கூப்பிட்டிருந்தா?” “கூப்பிட்டாங்க. என் பொண்டாட்டி தம்பி பின்னாலேருந்து செருப்பை விட்டுட்டீங்க மாமான்னு கத்தினான். வெறுங்காலோடயே வீடு வந்தேன்.” லேசாகச் சிரிக்கக்கூடச் செய்கிறான். “அப்போ உனக்குத் தெரியும். அவன் ஏன் திரும்பலைன்னு உனக்குத் தெரியும்.” “தெரியும்மா.” “தெரிஞ்சும் அடிச்சே.” “எஸ்.ஐ. ஐயா வடக்கேருந்து படிச்சுட்டு நேரா வந்தவரில்லை, நம்ம ஊர்க்காரர்தான், அவருக்கும் தெரியும். ஆனா வாரண்டு ஆசாமி நாலு தடவை கூப்பிட்டும் போயிக்கிட்டே இருந்தா, விட்டுட்டு வந்தா மேலே என்ன சொல்லுவாங்க? சடங்குன்னு எழுதவா முடியும்? அடிடான்னாரு.” “ஒரு அடியோட நிக்க வேண்டியதுதானே? விழுந்தவன் எங்கே ஓடுவான்?” உள்ளங்கையைத் தேய்த்துக்கொள்கிறான். “ஓங்குறதுக்கு முன்னாடின்னா நிறுத்தலாம்மா. கை ஓடிக்கிட்டு இருக்கையில நிறுத்துறது கஷ்டம்.” எத்தனை நேர்மையான வாக்கியம், எந்தப் புத்தகத்திலும் இல்லாதது. தேவை என்று இவர்கள் சொல்வது இதைத்தானா, ஓடிக்கொண்டிருக்கிற ஒரு கை? “உள்ளே கேட்டா இதைச் சொல்லுவியா தவமணி? திரும்பக் கூடாதுன்னு உனக்குத் தெரியும்கிறதை?” அவன் என்னைப் பார்க்கிறான், கெட்டிக்காரப் பிள்ளை பக்கத்தில் உட்கார்ந்த மக்குப் பிள்ளையைப் பார்க்கிற மாதிரி, பரிதாபமாக. “கேக்க மாட்டாங்கம்மா.”

கூப்பிடுகிறார்கள். அறை குளிர்ந்திருக்கிறது. கோட்டாட்சியர் பெண் என்று கேள்விப்பட்டதும் எனக்குள் ஒரு சின்ன சந்தோஷம் இருந்தது, பெண் என்றால் புரியும் என்று. இத்தனை வயதுக்குப் பிறகும் இந்த அசட்டு நம்பிக்கை போகவில்லை. என் மாணவிகளில் ஒருத்தி மாதிரி இருக்கிறாள், காட்டன் புடவை, களைத்த கண். “உக்காருங்கம்மா. தண்ணி குடிங்க முதல்ல.” தண்ணீர் குடிக்கிறேன். “இறந்தவங்க உங்களுக்கு என்ன உறவு?” “சிநேகிதி.” “உறவு?” “சிநேகிதிதான்.” தட்டச்சு செய்கிறவர் கொஞ்சம் யோசித்துவிட்டு எதையோ அடிக்கிறார். திரையில் எனக்குத் தெரிகிறது: உறவு இல்லை. சொல்கிறேன். எல்லாவற்றையும் சொல்கிறேன், வாசல், வேலிக்கம்பம், ஈர வேட்டி, விரிந்த விரல்கள், வர்றேன் சார். குரல் நடுங்கவில்லை, வகுப்பில் நின்ற குரல் எங்கிருந்தோ வந்து கைகொடுக்கிறது. அவள் குறுக்கே பேசாமல் கேட்கிறாள். முடிந்ததும் பேனாவை வைக்கிறாள். “தப்பா எடுத்துக்காதீங்கம்மா. பொம்பளைங்க அங்கே வரலைன்னு இறந்தவங்க தம்பியே சொல்லியிருக்காரு. எங்க அப்பா தவறினப்போ நான் டெபுடி கலெக்டர். என்னையே தெருமுனையில நிறுத்திட்டாங்க. நீங்க எப்படிம்மா போனீங்க?” “நடந்து போனேன்.” தட்டச்சுக்காரர் சிரிப்பை அடக்குகிறார். “உங்களை நிறுத்தினாங்களே, நீங்க நின்னுட்டீங்களா?” கேட்டிருக்கக் கூடாது. அவள் முகத்தில் ஏதோ வந்து போகிறது, ஒரு ஜன்னலைத் திறந்து உடனே சாத்தியது மாதிரி. “நின்னுட்டேன்மா” என்கிறாள், மெதுவாக. பிறகு நிமிர்ந்து உட்கார்ந்துகொண்டு, “போலீஸ் கூப்பிட்டப்போ அவர் நிக்கலைதானே? அதை மட்டும் சொல்லுங்க. நின்னாரா, நிக்கலையா?” “நிக்கக் கூடாதும்மா, திரும்பக் கூடாது. அது உங்களுக்கு—” “நின்னாரா, நிக்கலையா?” எத்தனை சின்னக் கேள்வி. கொள்ளிக் குடத்தில் போடுகிற துளை அளவுதான், உள்ளே இருக்கிறதெல்லாம் அது வழியாக ஒழுகிப் போய்விடுகிறது. நிற்கவில்லை என்கிறேன். தட்டச்சில் அடிக்கிறார்கள். கூடவே அவன் சொன்னதையும் செய்ததையும் எழுதுங்கள் என்கிறேன், எழுதாமல் எழுந்திருக்க மாட்டேன் என்கிறேன், மேஜை விளிம்பைப் பிடித்துக்கொள்கிறேன். “எழுதியாச்சும்மா” என்கிறாள். எழுதித்தான் இருந்தார்கள். படித்துப் பார்த்துவிட்டுத்தான் கையெழுத்துப் போட்டேன்.

மழைக்காலத்தில் அறிக்கை வந்தது. பெண்கள் மயானத்துக்குச் செல்வது அப்பகுதியின் வழக்கத்தில் இல்லை என்பதாலும், இறந்தவரின் சகோதரரே அதை உறுதிசெய்திருப்பதாலும், என் சாட்சியம் ஏற்கத்தக்கதாக இல்லை. கொள்ளி வைத்தவர் திரும்பிப் பார்க்கலாகாது என்பது வழக்கமே ஆனாலும், சட்டப்படியான அழைப்புக்குக் கட்டுப்படாததற்கு அது காரணமாகாது. பயன்படுத்தப்பட்ட பலம் தேவையான அளவே. வக்கீல் படிக்கப் படிக்க நான் கேட்டுக்கொண்டிருந்தேன். ஒரே மயானம், ஒரே வழக்கம். என்னைப் பொய்யாக்க அது செல்லும், அவனைக் காப்பாற்ற அது செல்லாது. இன்னொரு தரம் படிக்கச் சொன்னேன், செவிடி என்று நினைத்தாரோ என்னவோ, உரக்கப் படித்தார். மேலே போகலாம், மனித உரிமை ஆணையத்துக்கு எழுதலாம் என்றார், எழுதினோம், பதிலுக்கு மனு எண் ஒன்று வந்தது.

தாக்க முயன்ற வழக்கில் விழுந்த தண்டனை முடிந்து கதிரேசன் வந்துவிட்டான். நாள் முழுக்க நின்று பார்க்கிற லேத் வேலை அவனுக்கு இனி ஆகாது. பஸ் ஸ்டாண்டு எதிரே ஸ்டூல் போட்டு உட்கார்ந்து சாவி வெட்டுகிறான், இடது கால் மடங்காமல் நடைபாதையில் நீண்டு கிடக்கிறது, போகிறவர்கள் தாண்டிப் போகிறார்கள்.